வாணக்காரர் தெந்தே

டெஃபெந்தெந்தே கவஞேரோவுக்குப் பெயர் கிடைத்ததே கல்மழையால்தான். 1911 ஆகஸ்டில் அவர் பிறந்த பிற்பகல், சான் கிராத்தோ குன்றின் மேல் கால்மணி நேரம் ஆலங்கட்டி கொட்டியது. மருத்துவச்சி எழுந்துபோய் ஜன்னலைச் சாத்திவிட்டு வந்து பிள்ளையைத் துடைத்து முடிப்பதற்குள், குன்றில் ஒரு திராட்சைக் குலை மிஞ்சவில்லை. ஞானஸ்நானத்தின்போது பாதிரியார், இனிமேலாவது இந்தக் குன்றுக்கு ஒரு காவல் இருக்கட்டும் என்று, 'காப்பவன்' என்று பொருள்படும் அந்த நீளப் பெயரை வைத்தார். அவ்வளவு நீளத்தைச் சொல்லிக்கொண்டிருக்க அங்கே யாருக்கும் பொழுதில்லை. வாலை மட்டும் பிடித்துக்கொண்டு 'தெந்தே' என்றார்கள். தெந்தே என்றால் பல். காப்பவன் பல்லாகிவிட்டார். ஐம்பது வயதில் அவர் வாயில் மிஞ்சியிருந்தவை ஒன்பது.

பெயரைவிடப் பெரிய குறை ஒன்று அந்த மழையால் அவருக்கு ஒட்டிக்கொண்டது. லாங்கே மலைகளின் அந்த மூலையில், பிள்ளை பிறந்தால் அந்த ஆண்டு அறுவடையின் மதுவில் இரண்டு டஜன் புட்டிகளை ஒதுக்குவார்கள். நிலவறையில் ஒரு மாடத்தில் அவற்றைப் படுக்கவைத்துச் செங்கல்லால் மூடிவிடுவார்கள். பிள்ளையின் கல்யாணத்துக்கு முன்தினம் சுவரை உடைப்பார்கள். பிள்ளையும் மதுவும் ஒரே வயது. எது நன்றாக வளர்ந்திருக்கிறது என்று விருந்தில் ஒப்பிட்டுப் பேசுவது வழக்கம். பெரும்பாலும் மதுதான் ஜெயிக்கும். தெந்தேயின் ஆண்டில் அறுவடையே இல்லை. ஆகவே அவர் 'ஆண்டில்லாதவர்'. அவர் கல்யாணத்தில் பக்கத்து வீட்டு மதுவைக் கடன் வாங்கிக் குடித்தார்கள். ஆண்டில்லாதவன் கால் வைத்த வீட்டில் ஏதாவது ஒன்று குறையும் என்று கிழவிகள் அன்றே சொன்னார்கள். பதினெட்டு வருடம் கழித்து அவர் மனைவி நுரையீரல் காய்ச்சலில் செத்தபோது, பார்த்தாயா, நாங்கள் சொல்லவில்லையா என்றார்கள். பதினெட்டு வருடம் பொறுத்திருந்து பலிக்கிற ஜோசியத்தை அந்தப் பக்கத்தில் யாரும் குறை சொல்வதில்லை. அவர்கள் மதுவே அப்படிப்பட்டதுதான்.

நெபியோலோ என்னும் அந்தத் திராட்சை, மற்றதெல்லாம் பறித்து முடிந்த பிறகு, அக்டோபர் மூடுபனியில்தான் பழுக்கும். அதிலிருந்து எடுக்கும் பரோலோ மது முதல் ஐந்து வருடம் நாக்கைக் கடிக்கும். பத்தாம் வருடம் கடிப்பதை நிறுத்தி முறைக்கும். இருபதுக்கு மேல்தான் மனிதரோடு பேசும். யாராவது ஒரு புட்டியைத் திறந்து, "ஆச்சா?" என்று கேட்டால், குடித்தவர் உதட்டைச் சப்பிவிட்டு, "இன்னும் ஆகலை" என்பார். காலப்போக்கில் குன்று எல்லாக் கேள்விக்கும் அதையே பதிலாக்கிக்கொண்டது. கார்லினுக்குப் புத்தி வந்ததா? இன்னும் ஆகலை. பாதிரியார் பிரசங்கத்தை முடித்துவிட்டாரா? இன்னும் ஆகலை.

போர் முடிந்து சில வருடம் கழித்து, கல்மழைத் தடுப்புக் கூட்டுறவு ஒன்று ஏற்பட்டது. குன்றுக்கு ஒரு குடிசை, குடிசைக்கு ஒரு பெட்டி, பெட்டிக்குப் பன்னிரண்டு வாணங்கள். ஓர் ஆள் உயரக் குச்சியில் கட்டிய தடித்த அட்டைக்குழாய், தலையில் வெடிமருந்து, அடியில் சிவப்பு நூல் சுற்றிய திரி. மேகத்துக்குள் போய் வெடித்தால் கல் கருவிலேயே சிதைந்து மழையாக இறங்கிவிடும் என்றார்கள். ஆளைத் தேர்ந்தெடுக்கக் கூட்டம் போட்டபோது எல்லோரும் தெந்தேயைத்தான் பார்த்தார்கள். காப்பவன் என்று பெயர் இருந்தது ஒரு காரணம். வாயில் எந்நேரமும் கனன்றுகொண்டிருக்கும் தொஸ்கானோ சுருட்டு மறு காரணம். காற்றில் தீக்குச்சி நிற்காது. திரிக்குச் சுருட்டுதான் நம்பகம்.

"சுருட்டை விட்டுடுங்க, மார்புல சத்தம் கேக்குது" என்றார் ஆல்பா நகரத்து டாக்டர்.

"நான் விட்டா குன்று போயிடும், டாக்டர்."

"விடலேன்னா நீங்க போயிடுவீங்க."

"நான் எந்த வருஷத்துக்கும் சொந்தமில்லாதவன். எப்பப் போனா என்ன?"

டூரினிலிருந்து வந்த பேராசிரியர் ஒருவர், இந்த வாணங்களால் நன்மையும் இல்லை தீமையும் இல்லை என்று ஒரு மணி நேரம் விளக்கினார். மரியாதையாகக் கேட்டுவிட்டுச் சாப்பாடு போட்டு அனுப்பினார்கள். குன்றுக்கு ஏற்கெனவே இரண்டு காவல்கள் இருந்தன. கருமேகம் திரண்டால் பெண்கள் அடுப்புக்கு மேல் தொங்கும் இரும்புச் சங்கிலியைக் கழற்றி முற்றத்தில் குறுக்காக எறிவார்கள். குருத்தோலை ஞாயிறன்று மந்திரித்த ஒலிவக் கிளையைக் கொளுத்திப் புகை போடுவார்கள். வாணம் மூன்றாவது காவல். கல் விழாவிட்டால் மூன்றும் முழுப் பெருமையைத் தனித்தனியே எடுத்துக்கொள்ளும். விழுந்தால் ஒவ்வொன்றும் மற்ற இரண்டைக் குற்றம் சொல்லும். ஏற்பாட்டில் ஓட்டையே இல்லை.

ஓட்டை ஓடைக்கு அந்தப் பக்கம் இருந்தது. அங்கே எதிர்க்குன்று, கொரெத்தா. கூட்டுறவில் சேரப் பணம் கட்ட மாட்டோம் என்று ஒதுங்கிக்கொண்ட குன்று. தெந்தேயின் வாணம் மேகத்தை உடைப்பதில்லை, தள்ளுகிறது என்பது அவர்கள் கட்சி. சான் கிராத்தோவின் மேல் விழவேண்டிய கல்லைப் பிடரியில் தட்டிக் கொரெத்தாவுக்கு அனுப்புகிறான் இந்தப் பல்லன்.

அந்தக் கொரெத்தாவில்தான் தெந்தே தம் ஒரே மகள் டெல்ஃபினாவைக் கட்டிக்கொடுத்தார், 1958இல். மாப்பிள்ளை தெரேசியோ நல்ல உழைப்பாளி, கோபக்காரன். இரண்டையும் ஒரே கையால் செய்வான். கல்யாண விருந்தில் டெல்ஃபினாவின் 1936 புட்டிகளைத் திறந்தார்கள். மாப்பிள்ளையின் அப்பா ஒரு வாய் குடித்துவிட்டு, "இன்னும் ஆகலை" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். மறுவருடம் ஜூலையில் தெந்தே ஏழு வாணம் விட்டார். கொரெத்தாவில் பாதித் தோட்டம் போயிற்று. அதற்குப் பிறகு அந்த வீட்டில் யாரும் சிரிக்கவில்லை. டெல்ஃபினா ஓடையைத் தாண்டவும் இல்லை.

1961 ஜூனில், ஆல்பாவின் சனிக்கிழமைச் சந்தையில், பீச் பழக் கூடைகளுக்கு நடுவே அவள் அவரைத் தேடி வந்து நின்றாள். ஏழு மாத வயிறு.

"மெலிஞ்சு போயிட்டியேம்மா."

"இந்த வயித்தைப் பாத்துட்டு மெலிஞ்சுட்டேன்னு சொல்ற ஒரே ஆள் நீங்கதாம்ப்பா."

அவர் ஒரு பழத்தைத் துடைத்து நீட்டினார். அவள் வாங்கிக்கொள்ளவில்லை.

"பழம் திங்க வரலை. ஒண்ணு கேக்க வந்தேன். இந்த வருஷம் வாணம் விடாதீங்க."

"குன்றுல பதினாலு வீடு இருக்கும்மா."

"எனக்கு ஒரே புள்ளைதான் வரப்போகுது. ஆகஸ்ட் கடைசியில. அதுக்கு இந்த வருஷத்து மது வேணும். மாமியார் இப்பவே சொல்லிக் காட்றாங்க, அம்மா வழியில ஆண்டில்லாத ரத்தம் இருக்கு, பாப்போம்னு. நீங்க எப்படி வளந்தீங்கன்னு உங்களுக்கே தெரியும். என் புள்ளையும் அப்படி வளரணுமா?"

தெந்தே சுருட்டை வாயின் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்கு மாற்றினார். மிச்சமிருந்த பற்களுக்குள் அது சுலபமான வேலையில்லை.

"சரி, பாப்போம்."

"பாப்போம்னா? சத்தியம் பண்ணுங்க. அம்மா கல்லறை மேல."

"அந்தக் கல்லறைக்கு வாராவாரம் பூ வெக்கிறவன் நான். அது மேல போயி எதுக்குப் பாரம் ஏத்துறே?"

"பண்ணுங்கப்பா."

பண்ணினார். யாரிடமும் சொல்லக்கூடாது என்றும் அவள் கேட்டுக்கொண்டாள். "உங்க குன்றுக்குத் தெரிஞ்சா உங்களைக் கொன்னுடுவாங்க. எங்க வீட்டுக்குத் தெரிஞ்சா, உங்கப்பன் இஷ்டப்பட்டா நிறுத்தலாம்னா அப்ப முந்தி இஷ்டப்பட்டுத்தானே தள்ளினான்னு கேப்பாங்க." இந்த நியாயத்தில் தப்பு எங்கே இருக்கிறது என்று தெந்தேயால் கண்டுபிடிக்க முடியவில்லை. பெட்டியின் சாவி அவரிடம் மட்டும்தான் இருந்தது. கல் வராவிட்டால் சத்தியத்துக்கும் குன்றுக்கும் சண்டை இல்லை. அந்தக் கோடை முழுவதும் அவர் மேற்கே மோன்வீசோ சிகரத்தைப் பார்த்தபடியே நடந்தார். தடுக்கி விழுந்து ஒரு பல் போயிற்று.

ஜூலை கருணையாகக் கழிந்தது. குலைகள் இறுகிக் கறுக்கத் தொடங்கின. ஆகஸ்ட் இருபத்திரண்டாம் தேதி காலையிலேயே மோன்வீசோ தேவைக்கு மேல் தெளிவாகத் தெரிந்தது. கை நீட்டினால் தொடலாம் போல. அது நல்லதற்கில்லை என்று குன்றில் எல்லோருக்கும் தெரியும். மதியம் குளவிகள் கூட்டுக்குள் போய்விட்டன. கோழிகள் தாமாகவே கூண்டில் ஏறின. இரண்டு மணிக்குச் சிகரத்தைக் காணவில்லை. அதன் இடத்தில் ஒரு மேகம் நின்றது. கறுப்பாக இருந்தாலாவது மழை என்று சொல்லலாம். அது பழைய காயத்தின் நிறத்தில், பச்சையும் வெள்ளையுமாக, அடிவயிறு தொங்க வந்துகொண்டிருந்தது.

கோயில் மணி அடித்தது. முற்றங்களில் சங்கிலிகள் விழும் சத்தம் கேட்டது. ஒலிவப் புகை எழுந்தது. தெந்தே கோயிலுக்குப் பக்கத்துக் குடிசைக்கு ஏறினார். பெட்டியைத் திறந்தார். பன்னிரண்டையும் ஒரு முறை தடவிப் பார்த்தார். ஒன்றை எடுத்து இரும்புத் தாங்கியில் செருகினார். சுருட்டை இழுத்து நுனியைச் சிவக்கவைத்தார். அதற்கு மேல் ஒன்றும் செய்யவில்லை.

கீழே பாதையிலிருந்து பக்கத்துத் தோட்டக்காரர் கார்லின் கத்தினார். சாக்கைத் தலையில் கவிழ்த்திருந்தார்.

"தெந்தே! இன்னும் என்னத்தைப் பாத்துக்கிட்டு நிக்கிறே? பொண்ணு பாக்க வந்தவனாட்டம்!"

"கிட்ட வரட்டும்."

"இதுக்கு மேல கிட்ட வந்தா உன் மடியில உக்காரும்யா!"

"நீ நிலவறைக்குப் போ, கார்லின். வாணக் குச்சி தலையில விழும்."

கார்லின் ஓடினார். மேகத்துக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது. இடி வேறு, இது மூட்டை மூட்டையாக வாதுமைக் கொட்டையைக் கல்தரையில் கொட்டுவது போல, விடாமல். கேட்டவர்களுக்குத் தெரியும், மேலே கல் உருள்கிற சத்தம் அது. தெந்தே சுருட்டைத் திரியிலிருந்து ஒரு விரல் தூரத்தில் பிடித்திருந்தார். பதினான்கு வீட்டின் ஒரு வருடம் இந்தப் பக்கம். மனைவியின் கல்லறை அந்தப் பக்கம். சான் கிராத்தோ என்கிற புனிதர் கோயிலுக்குள் வர்ணம் உதிர்ந்து நின்றுகொண்டிருந்தார். கல்மழைக்கு அவர்தான் பொறுப்பு. ஆனால் அவரிடம் யாரும் சத்தியம் வாங்கவில்லை.

முதல் கல் குடிசைக் கூரையில் விழுந்தது. ஒன்றுதான். தெந்தே கண்ணை மூடிக்கொண்டார். இடி வரிசையாக, வறட்டு வெடியாக, ஒன்றன்பின் ஒன்றாக விழுந்தது. காற்று சட்டென்று திரும்பியது. அவர் கண்ணைத் திறந்தபோது மேகம் அவர் தலையைத் தாண்டிவிட்டிருந்தது. ஓடைக்கு அப்பால் ஒரு வெள்ளைத் திரை இறங்கியது. கொரெத்தா அதற்குள் மறைந்தது. பதினைந்து நிமிடம் அவர் அதையே பார்த்துக்கொண்டு நின்றார், அணையாத சுருட்டோடு. திரை விலகியபோது ஆகஸ்ட் மாதத்தில் எதிர்க்குன்று பனி பெய்தது போல் வெளுத்திருந்தது.

தாங்கியில் செருகியிருந்த வாணத்தை உருவிப் பெட்டிக்குள் வைத்தார். நிலவறைகளிலிருந்து ஆட்கள் வெளிவந்தார்கள். ஓர் இலை கிழியவில்லை. கோயிலை நோக்கி ஓடி வந்து, தெந்தேயைக் கட்டிப்பிடித்து, தோளில் தூக்கி, கார்லின் முற்றத்தில் கொண்டுபோய் இறக்கினார்கள்.

"பன்னெண்டு!" என்றார் கார்லின். "எண்ணிக்கிட்டே இருந்தேன். பன்னெண்டு வெடி. ஒண்ணுகூட மிச்சம் வெக்கலை மனுஷன்!"

பெட்டியில் பன்னிரண்டு இருக்கும் என்று அவருக்குத் தெரியும். ஆகையால் இடியும் பன்னிரண்டாகத்தான் இடித்திருந்தது.

மேசை போட்டார்கள். நெத்திலியோடு வதக்கிய மிளகாய், சலாமி, ரொட்டி. 1947 புட்டி ஒன்று திறந்தார்கள். தெந்தே கோப்பையைத் தொடவில்லை. பெட்டியைப் பூட்டினோமா என்று மட்டும் யோசித்துக்கொண்டிருந்தார். பூட்டியிருந்தார். அப்போதுதான் முற்றத்து வாசலில் டெல்ஃபினா வந்து நின்றாள்.

இரண்டு வருடத்துக்குப் பிறகு ஓடையைத் தாண்டியிருக்கிறாள். முழங்கால் வரை சேறு. தலைமுடியில் திராட்சை இலைத் துணுக்குகள். முன்னங்கியை இரண்டு கையாலும் மடித்துப் பிடித்திருந்தாள்.

"எத்தனை விட்டீங்க?" என்று கேட்டாள்.

பதினான்கு வீடும் அவரைப் பார்த்தது. ஒன்றுகூட விடவில்லை என்று சொல்லலாம். சொன்னால், அவர்கள் வருடத்தை வைத்துச் சூதாடியவன் அவர். அப்படியே ஓடைக்கு அந்தப் பக்கம் போய் நிற்கலாம். அந்தப் பக்கமும் அவரை வைத்துக்கொள்ளாது. நாளைக்குப் போய் இவளிடம் மெதுவாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தார். இவளே ரகசியம் என்று கேட்டவள்தானே, புரிந்துகொள்வாள். அவளைப் பார்த்து ஒரு கண்ணைச் சிமிட்டினார். சுருட்டுப் புகையில் அது எரிச்சல் போலத்தான் தெரிந்தது.

"பன்னெண்டு" என்றார்.

"ஆமா, நானே எண்ணினேன்!" என்றார் கார்லின்.

ஒருவேளை சந்தேகப்பட்டிருப்பாள். ஆனால் கொரெத்தாவில் மூன்று வருடம் வாழ்ந்துவிட்டாள். வாணம் தள்ளாமல் கல் அங்கே எப்படி விழும்? விழுந்த கல்லே சாட்சி. டெல்ஃபினா மேசையருகே வந்து முன்னங்கியை அவிழ்த்தாள். வாதுமைக்கொட்டை அளவில் ஆலங்கட்டிகள் உருண்டன. மூன்றை எடுத்து அப்பாவின் கோப்பையில் போட்டாள்.

"உங்க பேரப்புள்ளையோட மது. குடிங்க. இது உடனே ஆயிடும், இருபது வருஷம் காத்திருக்க வேண்டாம்."

அவள் ஓடைப் பக்கம் இறங்கிப் போனாள். அப்புறம் கார்லின், "எதிர்க்குன்றுப் பொண்ணாவே ஆயிட்டாய்யா" என்றார். சலாமி மறுபடி சுற்றுக்கு வந்தது.

மூன்றாம் நாள் பெண் குழந்தை பிறந்தது. லிவியா என்று பெயர் வைத்ததாகத் தெந்தேக்கு ரொட்டிக்காரர் சொல்லித்தான் தெரியும். அன்றே புறப்பட்டுப் போனார். தோட்ட வாயிலில் தெரேசியோ நின்றான், கையில் ஒரு நீளக் குச்சியோடு.

"இதை அடையாளம் தெரியுதா, மாமா? எங்க கொடிக்கு நடுவுல கிடந்தது. உங்க வாணக் குச்சி."

தெந்தே பார்த்தார். அவர் குச்சிதான். இரண்டு குளிர்காலம் நனைந்து நரைத்த குச்சி, ஐம்பத்தொன்பதில் விட்டது. குழந்தைக்குக்கூடப் புரியும், அதன் வயது மூன்று நாள் அல்ல. தெரேசியோ மதுவின் வயதைத் துல்லியமாகச் சொல்லக்கூடியவன்தான். மரத்தின் வயதைப் பார்க்க அவனுக்கு அன்று மனமில்லை.

"மாப்ளே, டெல்ஃபினாகிட்ட ஒரு வார்த்தை..."

"அவ உங்களைப் பாக்க இன்னும் ஆகலை" என்றான் தெரேசியோ.

அந்தக் குச்சியை வாசல் நிலைக்கு மேலே ஆணியடித்து மாட்டினான்.

வாணங்களை என்ன செய்வது என்பது தனிக் கஷ்டம். நவம்பரில், புனித மார்த்தினோ திருநாளன்று, கூட்டுறவு ஆள் வந்து பெட்டியைத் திறந்து பார்ப்பார். வெட்டவெளியில் விட்டால் நாலு குன்றுக்குக் கேட்கும். ஓடையில் போட்டால் கொரெத்தாப் பக்கம் ஒதுங்கும். ஒரு ஞாயிறு காலை எல்லோரும் பூசையில் இருந்தபோது, பன்னிரண்டையும் குச்சி கழற்றிச் சாக்கில் சுற்றித் தம் நிலவறைக்குக் கொண்டுவந்து, ஓட்டைப் பீப்பாய் ஒன்றுக்குள் வைத்தார். திருநாளன்று 'விட்டவை: 12' என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டார். மூன்றாம் வகுப்பு வரை படித்தவர். வாழ்நாளில் எழுதிய ஒரே பொய் அது. அடுத்த வசந்தத்தில் புதுப் பெட்டி வந்தது. பிறகு பத்து வருடம் வருகிற மேகத்துக்கெல்லாம் தாராளமாக விட்டார். சில நாள் கல் விழுந்தது, சில நாள் விழவில்லை. மகள் விஷயத்தில் எதுவுமே மாறவில்லை.

அந்த 1961 மது சான் கிராத்தோவில் அபாரமாக அமைந்தது. பீப்பாயில் இருக்கும்போதே கிழவர்கள் வாசனை பார்த்துவிட்டு வாயைத் திறக்காமல் போனார்கள். அங்கே அதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது. 1965இல் புட்டிகளில் அடைத்தபோது, தெந்தே இரண்டு டஜனை ஒதுக்கினார். நிலவறையின் கடைசி மாடத்தில் படுக்கவைத்தார். எதிர்க்குன்று மதுதான் பேத்தியின் மது. அது இல்லாமல் போயிற்று. இது அவருடையது. எடுத்துக்கொள்வார்களா என்று தெரியாது. ஆனால் ஆண்டில்லாதவள் என்று இனி யாரும் சொல்லக்கூடாது.

பிறகு சாக்கை எடுத்துவந்தார். புட்டிக்கும் புட்டிக்கும் இடையிலிருந்த பள்ளங்களில் வாணங்களை ஒவ்வொன்றாகக் கிடத்தினார். ஒவ்வொன்றிலும் கூட்டுறவின் முத்திரைக் காகிதம், '1961' என்று. ஒவ்வொன்றிலும் சிவப்பு நூல் சுற்றிய முழுத் திரி. கடிதம் எழுத அவருக்கு வராது; இதுதான் கடிதம். கல்யாணத்துக்கு முன்தினம் சுவரை உடைக்கும்போது டெல்ஃபினா எண்ணிப் பார்ப்பாள். அப்போது இங்கே கோபப்பட யாரும் மிஞ்சியிருக்க மாட்டார்கள். மது இருபது வருடத்தில் நன்றாக அடங்கும் என்பது அவருக்குத் திட்டமாகத் தெரியும். வெடிமருந்து இருபது வருடத்தில் என்ன ஆகும் என்பதில் அவருக்கு அனுபவம் இல்லை. வாயில் சுருட்டோடு, செங்கல் வரிசையைக் கட்டி முடித்தார்.

பாதிரியார் மூலம் மகளுக்குச் சொல்லியனுப்பினார்: கடைசி மாடத்தில் பேத்தியின் மது இருக்கிறது. டெல்ஃபினா பதில் சொல்லவில்லை. 1974இல், மார்புச் சத்தம் டாக்டர் சொன்னபடியே அவரைக் கொண்டுபோயிற்று. அடக்கத்துக்கு டெல்ஃபினா வந்தாள். கோயிலுக்கு வெளியே நின்றாள். கூட்டம் கலைவதற்கு முன்பே திரும்பிப் போனாள். மறுவருடம் குன்று பணம் திரட்டிக் கோயில் சுவரில் சலவைக்கல் ஒன்று பதித்தது: 'டெஃபெந்தெந்தே கவஞேரோ. 22 ஆகஸ்ட் 1961 அன்று பன்னிரண்டு வாணங்களால் இக்குன்றைக் காத்தார்.' கார்லின் திறந்துவைத்தார். தாம் எண்ணியதையும் சேர்த்துப் பேசினார்.

1982 செப்டம்பரில் லிவியாவின் கல்யாணம். மாப்பிள்ளை ஊர்க்காரன் இல்லை, மிலானில் வேலை. ஆனால் பிறந்த ஆண்டின் மது என்ற கதை அவனுக்குப் பிடித்துப்போயிற்று. மது எங்கே என்று அவன்தான் கேட்டுக்கேட்டு அரித்தான். முன்தினம் காலை, டெல்ஃபினா அப்பாவின் பூட்டிய வீட்டுக்கு லிவியாவோடு வந்தாள். தெரேசியோவும் வந்தான், உள்ளே நுழைய மாட்டேன் என்று நிலவறைப் படிக்கு மேலேயே நின்றுகொண்டான். அவன் கோபத்துக்கும் இருபத்தொரு வயது ஆகியிருந்தது. அது கொஞ்சம் இளகியிருந்தது, ஆனால் இடம் மாறவில்லை.

நிலவறையில் மின்விளக்கு எரியவில்லை. லிவியா மெழுகுவத்தி வைத்திருந்தாள். எப்படியும் தேவைதான், பழைய மதுவை ஊற்றும்போது, புட்டியின் கழுத்துக்குப் பின்னால் சுடரைப் பிடித்தால்தான் அடிமண்டி வருவது தெரியும்.

டெல்ஃபினா சுத்தியலால் ஒரு செங்கல்லைப் பெயர்த்தாள். இன்னொன்று. உள்ளேயிருந்து புளித்த, உலோகம் போன்ற ஒரு வாடை வந்தது. மது வாடை அல்ல. துளைக்குள் முதலில் அவள் கண்ணில் பட்டது ஒரு சிவப்பு நூல்.

மூன்றாவது செங்கல்லையும் எடுத்தாள். தூசி மூடிய புட்டிகள். அவற்றின் இடையிடையே அட்டைக் குழாய்கள், ஈரத்தில் ஊதி, மேலெல்லாம் வெள்ளையாக ஏதோ பூத்து. முத்திரைக் காகிதத்தில் எண் இன்னும் வாசிக்க முடிந்தது. திரிகள் முழுசாக இருந்தன. அவள் விரலை நீட்டாமல் உதட்டாலேயே எண்ணினாள். ஏழு. எட்டு. பின்வரிசையில் நான்கு.

மேசை மேல் உருண்ட ஆலங்கட்டிகள் அவளுக்கு ஞாபகம் வந்தன. புகைக்குள் ஒரு கண் சுருங்கியதும் ஞாபகம் வந்தது. அது எரிச்சல் இல்லை.

"என்னம்மா தெரியுது? இருக்கா?" லிவியா பின்னாலிருந்து நெருங்கினாள். சுடரின் வெளிச்சம் புட்டிகளின் மேல் ஏறியது. "தள்ளுங்க, கிட்ட காட்டுறேன்."

"வராதே."

"ஒண்ணும் தெரியலையேம்மா உங்களுக்கு..."

"அங்கேயே நில்லு. மெழுகுவத்தியை அணை. வாயால ஊது. அப்படியே பின்னால போ, படிக்குப் போ."

அந்தக் குரலை லிவியா இதுவரை கேட்டதில்லை. ஊதினாள். இருட்டில், அவள் காலடி பின்வாங்கிப் படியேறுவது கேட்டது. டெல்ஃபினா துளைக்கு முன்னால் தனியாக நின்றாள். ஒன்று மட்டும் வெளியே சொன்னால் போதும். வாசல் நிலைக்கு மேல் இருபத்தொரு வருடமாகத் தொங்கும் குச்சிக்கு என்ன அர்த்தம் என்று தெரேசியோ கேட்பான். கோயில் சுவரின் சலவைக்கல்லுக்கு என்ன அர்த்தம் என்று கார்லின் கேட்பார். சத்தியம் வாங்கிய அவளை யாரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள். அதுதான் எல்லாவற்றிலும் மோசம். அப்பா செய்யவில்லை என்றால், அன்றைக்குக் கல்லை அனுப்பியது யார்? அந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு இனி எந்த வீட்டில் குடியிருப்பது?

கையால் தடவித் தடவி, பெயர்த்த செங்கற்களை ஒவ்வொன்றாகப் பழைய இடத்தில் வைத்தாள். ஓசைப்படாமல், தூங்கும் பிள்ளையைக் கிடத்துவது போல.

படிக்கு மேலிருந்து தெரேசியோ குனிந்து கூப்பிட்டான்.

"என்ன, டெல்ஃபினா? ஆச்சா?"

"இன்னும் ஆகலை" என்றாள் அவள். "கொஞ்சம் சுண்ணாம்புக் கலவை குழைச்சு அனுப்புங்க. நாளைக்குக் கார்லின் வீட்டுல புட்டி கடன் வாங்கிக்கலாம்."